காய்ச்சலுக்குப் பெயர் வைக்கும் முன்

(ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் நம் அறக்கட்டளை மண்டபத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)





இன்று கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுவதாகத்தான் அறிவிப்பில் போட்டிருந்தோம். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன். கார்த்திகை பிறந்துவிட்டது. மழை விட்டு மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கியிருக்கிறது. இந்த நாட்களில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். சென்ற வாரம் மட்டும் மருத்துவ உதவி கேட்டு என் மேசைக்கு ஏழு மனுக்கள் வந்தன. நான்கில் டைபாய்டு என்று எழுதியிருந்தது. இரண்டில் டெங்கு. ஒன்றில் ‘மர்மக் காய்ச்சல்’. இந்தக் கடைசிப் பெயர் பத்திரிகைக்காரர்கள் வைத்தது. எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. இன்ன காய்ச்சல் என்று தெரியவில்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது. மற்ற ஆறும் தெரிந்ததாகச் சொல்கின்றன. அவற்றில் எத்தனை சரி என்பதுதான் என் கவலை.

நான் டாக்டர் இல்லை. மதரஸாவில் ஓதிவிட்டுக் கல்லூரியில் வணிகவியல் படித்தவன். இன்று சொல்லப்போவதை எல்லாம் நான் தேடித் தெரிந்துகொண்டது எங்கள் வீட்டில் ஒரு மவுத்து நடந்த பிறகு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், தானிய வியாபாரம் செய்துவந்தார். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். 2018-ஆம் ஆண்டு, இதே மாதிரி கார்த்திகை. சாமை அறுவடை நேரம். வாரத்துக்கு இரண்டு நாள் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் பக்கம் போவார். களத்துமேட்டில் சாமையை எடை போட்டு மூட்டை தைக்கும் வரை அங்கேயே இருப்பார். லுஹர் நேரம் வந்தால் புல்லில் துண்டை விரித்துத் தொழுவார். தொழுதுவிட்டு அதே துண்டில் கொஞ்ச நேரம் கண்ணயர்வார். மலைக்காற்றில் அந்தத் தூக்கம் வீட்டுக் கட்டிலில் வராது என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் குளிர்க் காய்ச்சல். நல்ல தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. முதல் இரண்டு நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரை. மூன்றாம் நாள் ஒரு கிளினிக்கில் ஊசி. நான்காம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். விடால் பாசிட்டிவ், டைபாய்டு என்றார்கள். அதற்கான மருந்தைக் கொடுத்துக் கஞ்சியும் இட்லியும் மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். மூன்று நாள் மருந்து போயும் காய்ச்சல் இறங்கவில்லை. ஏழாம் நாள் வேறு ஓர் இடத்தில் பார்த்தபோது பிளேட்லெட் அறுபதாயிரம். அப்படியானால் டெங்கு. டைபாய்டு மறைந்து டெங்கு வந்துவிட்டது. பப்பாளி இலைச் சாறு கொடுங்கள் என்று பத்துப் பேர் சொன்னார்கள். இலையைப் பறித்து அரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

ஒன்பதாம் நாள் இரவு மூச்சு வாங்கியது. கண்ணில் மஞ்சள் தெரிந்தது. வேலூருக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் ஒரு இளவயது டாக்டரம்மா. எங்கள் கையில் இருந்த ரிப்போர்ட்டுகளை வாங்கி வைத்துவிட்டு, அவருடைய சட்டையைக் கழற்றச் சொன்னார். இரண்டு அக்குளையும் தூக்கிப் பார்த்தார். காது மடலுக்குப் பின்னால் பார்த்தார். கைலியைத் தளர்த்தச் சொன்னார். இடுப்பில் முடிச்சு போடுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். “இது எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்டார். அக்கா சொன்னார்: “காய்ச்சலுக்கு முன்னாடியே இருக்கும்மா. சூட்டுக் கொப்புளம்னு சந்தனம் தடவினேன்.”

அந்தப் புண்ணைப் பற்றி அக்கா என்னிடமும் சொல்லியிருந்தார். கைலி உரசிப் புண்ணாகியிருக்கும் என்று பதில் சொன்னவன் நான்.

அன்று இரவே சரியான மருந்தை ஏற்றினார்கள். நுரையீரலும் சிறுநீரகமும் அதற்குள் கெட்டுப்போயிருந்தன. பன்னிரண்டாம் நாள் ஃபஜ்ருக்கு முன் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். நம் பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். இந்தத் தமிழ்ப் பெயரால் ஒரு சிக்கல் இருக்கிறது. உண்ணி என்றதும் நாம் மாட்டின் காதில், நாயின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற, கையால் பிடுங்கி எறியக்கூடிய உண்ணியை நினைக்கிறோம். ‘எங்கள் வீட்டில் நாயும் இல்லை, மாடும் இல்லை’ என்கிறோம். இதைப் பரப்புவது அது அல்ல. புதரிலும் புல்லிலும் மண்ணிலும் வாழ்கிற, சிலந்தி இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. எலி, பெருச்சாளி போன்றவற்றின்மேல் ஏறி அவற்றின் உடல்நீரை உறிஞ்சும். மனிதன் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவன்மேலும் ஏறும். குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் கடிக்கும். கடித்தால் வலியும் இல்லை, பெரும்பாலும் அரிப்பும் இல்லை. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்கிற பாக்டீரியா அந்தக் கடியின் வழியாக நம் உடம்புக்குள் போகிறது. வாயில் நுழையாத அந்தப் பெயர் ஜப்பானியர்கள் வைத்தது. ‘முஷி’ என்றால் அவர்கள் மொழியில் பூச்சி. தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு இந்தக் கிருமி இறங்கிவிடுகிறது. ஆகையால் ஓர் இடத்தில் அது குடியேறிவிட்டால் எளிதில் போகாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. காய்ச்சல்காரரைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

நம் ஜவ்வாது மலையில் உன்னிச்செடி எவ்வளவு மண்டிக் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். செடியின் பெயரும் காய்ச்சலின் பெயரும் ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனாலும் அந்த மாதிரிப் புதர்க்காடுதான் இந்தப் பூச்சிக்கும் எலிக்கும் பிடித்த இடம்.

கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில். ஆகையால் காய்ச்சல் வந்த அன்று ‘நேற்று எங்கே போனீர்கள்’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. மூன்று வாரக் கணக்கைக் கேட்க வேண்டும்.

இது நம் பக்கம் புதிதாக முளைத்த நோயும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் சண்டையிட்ட சிப்பாய்களை இந்தக் காய்ச்சல் ஏராளமாகப் படுக்கவைத்தது. வேலூரில் 2001 அக்டோபரிலிருந்து 2002 பிப்ரவரி வரை, குளிர் மாதங்களில், 28 பேரிடம் இதைக் கண்டறிந்து சி.எம்.சி. மருத்துவர்கள் எழுதினார்கள். அதன் பிறகு அவர்களே 2005 முதல் 2010 வரை இந்த நோயோடு சேர்ந்த 623 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் இறந்தார்கள். 2025 தொடக்கத்தில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையே இந்தக் காய்ச்சல் பற்றி எச்சரிக்கை விட்டது. ஆக, நம் வாசலில் கால் நூற்றாண்டாக உட்கார்ந்திருக்கிற நோய் இது. என் மச்சானுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது. டாக்சிசைக்ளின். பழைய மருந்து, மலிவான மருந்து, ஒரு மாத்திரை சில ரூபாய்தான். சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. நோய் முற்றி உறுப்புகள் பாதித்தவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஏதாவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று, சி.எம்.சி. முன்னின்று இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. மருந்துக்குப் பஞ்சம் இல்லை. இது இன்ன நோய் என்று நேரத்தில் அறிவதுதான் பஞ்சம். அது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

முதல் காரணம், பெயர். டைபாய்டு, டைபஸ். காதில் விழும்போது இரண்டும் ஒன்றுதான். டைபாய்டு என்ற சொல்லுக்கே ‘டைபஸைப் போன்றது’ என்றுதான் பொருள். பழைய காலத்து மருத்துவர்களுக்கே இரண்டையும் பிரித்தறிய வெகு காலம் ஆனது. டாக்டர் ‘டைபஸாக இருக்கலாம்’ என்று சொன்னதை, வீட்டுக்கு வந்து ‘டைபாய்டாம்’ என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டுக்கும் கிருமி வேறு, வரும் வழி வேறு, மருந்து வேறு. டைபாய்டு அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் வருவது. அதற்குக் கொடுக்கும் செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகள் ஸ்க்ரப் டைபஸ் கிருமியை ஒன்றும் செய்யாது. மச்சானுக்கு மூன்று நாள் ஏறியது அந்த மருந்துதான்.

அடுத்தது விடால் பரிசோதனை. 1896-இல் வந்த பரிசோதனை அது. கிருமியை நேரடியாகப் பார்க்காது, கிருமிக்கு எதிராக நம் ரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளைப் பார்க்கும். நம் நாட்டில் எத்தனையோ பேருக்கு எப்போதோ பட்டதன் மிச்சம் ரத்தத்தில் இருக்கும். வேறு காய்ச்சலிலும் அது கொஞ்சம் ஏறிக் காட்டும். ஒரே ஒரு முறை எடுத்த விடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டக்கூடாது, ரத்தத்தைக் கல்ச்சர் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவம் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் கல்ச்சருக்குச் சில நாள் ஆகும், பணமும் கூட. விடால் அன்று மாலையே வந்துவிடும். காத்திருக்க நமக்கும் பொறுமை இல்லை. ‘ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை’ என்று சொல்கிற டாக்டரைவிட, ஒரு பெயரைச் சொல்கிற டாக்டரைத்தான் நாம் கெட்டிக்காரர் என்கிறோம். இதில் நம் பங்கும் இருக்கிறது.

பிளேட்லெட்டும் அப்படித்தான். டெங்குவில் குறைகிறது, ஸ்க்ரப் டைபஸிலும் குறைகிறது, எலிக் காய்ச்சலிலும் மலேரியாவிலும் குறைகிறது. இந்த எண்ணை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் நம் தெருவில் பிளேட்லெட் என்றாலே டெங்கு.

சரி, ஸ்க்ரப் டைபஸுக்கென்று பரிசோதனை இல்லையா? இருக்கிறது. அதிலும் மேடு பள்ளம் உண்டு. வெய்ல்-ஃபெலிக்ஸ் என்று ஒன்று, 1916-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. வேறு வசதி இல்லாத இடங்களில் இன்றும் செய்கிறார்கள். நோய் இருக்கும்போதே இல்லை என்று காட்டிவிடுவது அதன் பெரிய குறை. இன்று பெரிதும் நம்புவது ஐஜிஎம் எலைசா. அதுவும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. உடம்பு அதை உண்டாக்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்துவிட்டு ‘நெகட்டிவ், ஸ்க்ரப் டைபஸ் இல்லை’ என்று சொன்னால் அது தவறாகப் போகலாம். பிசிஆர் முறையில் முதல் வாரத்திலேயே கண்டுபிடிக்கலாம், அந்தக் கருப்புப் பொருக்கிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வசதி நம் அடிவாரத்து ஊர்களில் எங்கே இருக்கிறது?

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2025-இல் வெளியானது. வேலூர் சி.எம்.சி.யும் லண்டனில் உள்ள ஒரு பொதுச் சுகாதாரக் கல்லூரியும் சேர்ந்து செய்தது. கிராமத்து மக்களில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இந்தக் கிருமி தொற்றுகிறதாம். அவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை. கிருமி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் எதிர்ப்பொருள் ரத்தத்தில் பல மாதம் தங்கும். அப்படிப்பட்டவருக்கு வேறு காரணத்தால் காய்ச்சல் வந்து எலைசா எடுத்தால், பாசிட்டிவ் என்று வரும். நம் மஹல்லாவிலேயே ஒரு சகோதரிக்கு இது நடந்தது. ஸ்க்ரப் டைபஸ் என்று ஒரு வாரம் மருந்து சாப்பிட்டார், மாலைக் காய்ச்சல் நிற்கவில்லை. கடைசியில் அது டி.பி. என்று தெரிந்தது. இரண்டு நாளில் இறங்க வேண்டிய காய்ச்சல் இறங்காதபோதே மறுபடி யோசித்திருக்க வேண்டும். நானும் அப்போது அவசரப்பட்டேன். மச்சான் மவுத்துக்குப் பிறகு எனக்குக் காணும் காய்ச்சலெல்லாம் ஸ்க்ரப் டைபஸாகத் தெரிந்த காலம் அது.

டாக்டர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சலில் டெங்குவும், டைபாய்டும், ஸ்க்ரப் டைபஸும், சாதாரண வைரஸ் காய்ச்சலும் ஒரே சட்டை போட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. கிளினிக் வாசலில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த மூன்று நிமிடத்தில் நாம் என்ன சொல்கிறோம் என்பதிலும் நிறைய இருக்கிறது. மச்சானைக் கூட்டிக்கொண்டு போன மூன்று இடத்திலும், அவர் மலைக்குப் போய் வந்தவர் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இங்கே மட்டும்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் போனில் பேசும்போது லைம் நோய் பற்றிச் சொன்னார். அது நிஜமாகவே உண்ணி கடித்து வருவது, கிருமியும் வேறு. ஆனால் கதை ஒன்றுதான். கடித்த இடத்தில் சிவந்து படர்கிற தடிப்பைப் பார்த்தால் உடனே மருந்து கொடுத்துவிடலாம். அதைக் கவனிக்காமல் விட்டால், ரத்தப் பரிசோதனை முதல் சில வாரம் நெகட்டிவ் என்றே காட்டக்கூடும். பழைய தொற்றின் எதிர்ப்பொருள் பிறகு குழப்பும். அத்தனை வசதியுள்ள நாட்டிலேயே மாதக்கணக்கில் டாக்டர் டாக்டராக அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நோய் வெளிச்சத்துக்கு வந்த விதத்தைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்கிற ஊர்ப் பக்கம். பாலி முர்ரே என்று ஒரு அம்மா. அவருக்கும் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மூட்டு வீக்கம், தடிப்பு, காய்ச்சல் என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது. டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. யாருக்கு என்ன வந்தது என்பதை எழுதி வைத்துக்கொண்டே வந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி இருப்பதைக் கவனித்தார். 1975-இல் அவரும் இன்னொரு தாயும் சுகாதாரத் துறைக்குத் தெரியப்படுத்தினார்கள். அதன் பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். கிருமியை 1981-இல் வில்லி பர்க்டார்ஃபர் என்பவர் கண்டுபிடித்தார். ஒரு தாயின் நோட்டுப் புத்தகத்தில் தொடங்கிய காரியம் அது.

இப்போது தாய்மார்களுக்கு. இதைப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேசாமல் விட்டால் இந்தக் கூட்டம் வீண்.

அந்தக் கருப்புப் பொருக்கு எல்லாருக்கும் இருக்காது. வேலூர் மருத்துவர்கள் பார்த்ததில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருந்திருக்கிறது. இருந்துவிட்டால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ரிப்போர்ட் வருவதற்கு முன்பே மருந்தைத் தொடங்கிவிடலாம். ஆனால் அது பெரும்பாலும் முகத்திலும் கையிலும் உட்காருவதில்லை. மறைவான, ஈரமான, துணி இறுக்குகிற இடம் தேடிப்போகிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு, மர்ம உறுப்புப் பக்கம். பெண்களுக்கு நெஞ்சிலும் வயிற்றிலும், மார்பகத்தின் அடிமடிப்பிலும், பாவாடை நாடா இறுக்குகிற இடத்திலும். குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், பிட்டத்தில் என்று எங்கும் பார்க்க வேண்டும். வலிக்காது. ஆகவே உடம்புக்காரருக்கே தெரியாது. ஈரமான மடிப்பில் இருந்தால் கருப்பாகக்கூட இருக்காது, மேல்தோல் உரிந்த சிறு புண் மாதிரி இருக்கும்.

நம் பெண்கள் டாக்டர் முன்னால் புர்காவின் கையை மணிக்கட்டுவரை தூக்கி, நாடியைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆண் டாக்டரும், எதற்கு வம்பு என்று அதற்குமேல் கேட்பதில்லை. மருத்துவத்துக்குத் தேவையான இடத்தை, தேவையான அளவுக்குக் காட்டுவதை நம் ஃபிக்ஹ் அனுமதிக்கிறது. பெண் டாக்டர் இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் கூட ஒருவரை வைத்துக்கொண்டு. மதரஸாவில் ஓதியவன் என்கிற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன், சந்தேகம் உள்ளவர்கள் இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளலாம். அதற்கும் மனம் வரவில்லை என்றால், வீட்டிலேயே உங்கள் உம்மாவோ மகளோ விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடட்டும். பார்த்ததை டாக்டரிடம் வாயால் சொல்லுங்கள். நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

போன வருடம் நம் பக்கத்துத் தெருவில் கல்லூரி படிக்கும் ஒரு பெண்ணுக்கு ஐந்து நாள் காய்ச்சல். மலைப் பக்கம் போனதே இல்லை. வீட்டுப் பின்பக்கம் காலி மனை, இடுப்பளவு புதர், அதில் துணி காயப்போடுவார்கள். அந்தப் பெண்ணின் பெரியம்மா என் அக்காவின் சிநேகிதி. அவர் வந்து உடம்பைப் பார்த்தார். மார்பின் அடியில் இருந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அன்றே மாத்திரை. மூன்றாம் நாள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நான் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டேன் என்பதற்காக யாரும் மெடிக்கல் ஷாப்பில் போய் வாங்கிச் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து கொடுப்பார்கள். கர்ப்பத்தில் இந்தக் காய்ச்சல் வந்தால் கருவுக்கும் ஆபத்து, ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள் விஷயமும் அப்படியே. மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், பிதற்றல், கண் மஞ்சளாதல் இவற்றில் எது தெரிந்தாலும் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஓதிய தண்ணீரும் கொடுங்கள், வண்டியிலும் ஏற்றுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் வெறுந்தரையில், புல்லில் உட்காராமல், படுக்காமல் இருக்கப் பாருங்கள். தொழுவதற்குத் தடித்த விரிப்போ பாயோ வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கை, முழுக்கால் துணி. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடுத்தியதை வெந்நீரில் போட்டுவிடுங்கள். வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுங்கள், எலிக்கு இடம் கொடுக்காதீர்கள். மலைவாழ் சகோதரர்களுக்கு இதெல்லாம் சொல்வது எளிது, செய்வது கடினம். அவர்கள் பிழைப்பே அந்த மண்ணில்தான். அவர்களில் ஒருவர் காய்ச்சலோடு உங்கள் கடைக்கு வந்தால் இந்த விவரத்தை அவருக்கும் சொல்லுங்கள்.

இனி, அறக்கட்டளை செய்திருப்பது. ஒரு ‘காய்ச்சல் சீட்டு’ அச்சடித்திருக்கிறோம். அஞ்சலட்டை அளவுதான். காய்ச்சல் தொடங்கிய தேதி, அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் போன இடங்கள், செய்த வேலை, இதுவரை கொடுத்த மருந்துகள், எடுத்த பரிசோதனைகள், எத்தனையாவது நாளில் எடுத்தது, உடம்பில் புண் அல்லது பொருக்கு இருக்கிறதா, எங்கே. இதை நிரப்பி டாக்டர் மேசையில் வைத்தால் அந்த மூன்று நிமிடம் வீணாகாது. ‘டாக்டர், இது ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா?’ என்று ஒரு வரி கீழே அச்சிட்டிருக்கிறோம். வாயால் கேட்கத் தயங்குகிறவர்கள் விரலால் காட்டலாம்.

மருத்துவ உதவி விதியிலும் ஒரு மாற்றம். இதுவரை ஆஸ்பத்திரியில் சேர்ந்த பில்லுக்குத்தான் பணம் கொடுத்தோம். இனி ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலுக்கு எலைசா, ரத்தக் கல்ச்சர் இரண்டின் செலவையும் பைத்துல்மாலிலிருந்து முன்பணமாகக் கொடுப்பதென்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. இது வீண் செலவு என்று குழுவில் ஒருவர் சொன்னார். எங்கள் மச்சானுக்குக் கடைசி மூன்று நாளில் ஆன செலவின் பில்லை எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

சீட்டுகள் அலுவலக மேசையில் இருக்கின்றன. மலை வியாபாரத்துக்குப் போகிறவர்கள் போகும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துச் செல்லுங்கள். பெண்களுக்கு மட்டும் அடுத்த ஞாயிறு லுஹருக்குப் பின் இதே மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம். ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் வந்து விளக்குவார். என் அக்காவும் வருகிறார். அந்தப் பொருக்கு எப்படி இருந்தது, எங்கே இருந்தது என்று அவரே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வஸ்ஸலாம்.